தப்பு செய்யத் தோதான மதம் எது?

ஏலே மக்கா, ரெண்டு பேரும் செத்த நேரம் மூச்சு விட்டுக்கிடுங்க. நீங்க போட்ட சத்தத்துல ஆலமரத்துக் காக்காயெல்லாம் வேற மரம் பாத்துப் போயிட்டு. விசயம் எனக்கு விளங்கிட்டு. ‘கடவுள்னு ஒருத்தர் இருந்தா உலகத்துல இம்புட்டு அக்கிரமம் ஏன் நடக்கு?’ன்னு கருப்புச் சட்டைக்காரன் கேக்கான். ‘கடவுளே இல்லைன்னா, அக்கிரமத்தை அக்கிரமம்னு சொல்லுததுக்கு ஒனக்கு என்னல அளவுகோலு?’ன்னு பட்டை போட்டவன் திருப்பிக் கேக்கான். ரெண்டும் லேசுப்பட்ட கேள்வி இல்ல. கிரேக்க தேசத்து எபிகூரஸ் பேரைச் சொல்லி ரொம்பக் காலமா ஒரு கேள்வி ஊரூராச் சுத்துது. தடுக்க மனசிருந்தும் முடியலைன்னா சாமிக்குச் சக்தி இல்ல. முடிஞ்சும் மனசில்லைன்னா சாமிக்கு ஈரம் இல்ல. ரெண்டும் உண்டுன்னா இந்தக் கேடு எங்கேருந்து வந்துது? எத்தனையோ மடமும் பல்கலைக்கழகமும் இதை உருட்டிப் பாத்துட்டு. நீங்க ராத்திரிச் சாப்பாட்டுக்குள்ள முடிச்சிருவிய போலிருக்கு. நல்லாருங்க.

எனக்கு அம்புட்டு ஞானம் கிடையாது. நான் மாட்டுத் தரகு பாத்தவன். எந்தப் பேச்சுலயும் யாருக்கு என்ன ஆதாயம்னுதான் மொதல்ல பாப்பேன். அதனால ஒங்களுக்கும் தரகன் யோசனைதான் சொல்ல முடியும். ஒருத்தன் மனசறிஞ்சு ஒரு தப்புப் பண்ணணும்னு வச்சுக்கோ. பக்கத்து வயக்காரன் வரப்பை ஒரு சாண் வெட்டித் தள்ளணும். செஞ்ச பிறகு ராத்திரி நல்லாத் தூக்கமும் வரணும். அப்படிப்பட்டவனுக்கு எந்த மார்க்கம் தோது? வாங்க, ஒவ்வொரு கடையா ஏறி இறங்கிப் பாப்போம். எனக்குக் கமிசன் வேண்டாம்.

முதல் கடை நம்ம தெருவுலயே இருக்கு. பேரு கர்மவினை. நீ வரப்பை வெட்டிட்ட, அவன் அழுதான். ‘அது அவன் போன சென்மத்துல செஞ்ச வினை’ன்னு சொல்லிட்டா போதும். இப்ப நீ திருடன் இல்ல, அவன் பழைய பாக்கியைத் தீத்து வச்ச புண்ணியவான். கூலிகூடக் கேக்கலாம். ஆனா ஒண்ணு, இந்தச் சரக்கைச் செஞ்சவங்க இதுக்காகச் செய்யல. சமண முனிவரு மயில்பீலியால தரையைத் தூத்துக்கிட்டே நடந்தது, எறும்போட வினையைக் கணக்குப் பாக்கதுக்கு இல்ல, தன் காலு என்ன செய்யுமோங்கிற பயத்துல. தன்னைப் பாத்து எழுதுன கணக்கை அடுத்தவன் பேருக்கு மாத்தி எழுதுனது நம்மாளு கைங்கரியம்.

ரெண்டாவது கடையை மூடி ரொம்ப நாளாச்சு. ஆசீவகம்னு பேரு. மற்கலி கோசாலரு சொன்னது: எல்லாம் நியதிப்படிதான் நடக்கும், மனுசன் முட்டி மோதி ஒண்ணும் ஆகப்போறதில்ல. நம்ம மணிமேகலை, நீலகேசி எல்லாத்துலயும் அவிய கூட வாதம் நடக்கு. கடைதான் மூடியிருக்கே ஒழிய வியாபாரம் அமோகமா நடக்கு. குடிச்சிட்டுப் பஸ்ஸை ஓட்டி ஆளைச் சாய்ச்சவனும், மருந்துல கலப்படம் பண்ணுனவனும் ‘நடக்கணும்னு இருந்துது, நடந்துட்டு’ன்னு சொல்லும்போது, தனக்கே தெரியாம அந்தக் கடை வாடிக்கைக்காரன்தான்.

மூணாவது கடையில சாத்தான் இருக்கான். ஏதேன் தோட்டத்துக் கதையைக் கவனிச்சுப் படிச்சிருக்கியாலே? பழத்தைத் தின்னியான்னு கேட்டா, நீங்க எனக்குத் துணையாத் தந்த பொம்பளைதான் கொடுத்தாங்கிற மாதிரி ஆதாம் பதில் சொல்லுதான். பாத்தியா சாமர்த்தியத்தை, ஒரே மூச்சுல பொண்டாட்டியையும் கடவுளையும் சேத்து மாட்டி விட்டுட்டான். ஏவாள் பாம்பைக் காட்டுதா. பாம்புக்கு அடுத்தவனைக் காட்டக் கை இல்ல, அதான் மாட்டிக்கிட்டு. இந்தக் கடையில சரக்கு நல்லாருக்கேன்னு நீ கையை நீட்டும்போது பக்கத்துல பாய் சிரிக்காரு. ஏன்னா குர்ஆன்ல ஒரு இடம் வருது: தீர்ப்பு நாளன்னிக்கு சைத்தானே கையை விரிச்சிருவானாம். நான் கூப்பிடத்தான் செஞ்சேன், வந்தது நீங்க, என்னைக் குத்தம் சொல்லாதீய, ஒங்களையே சொல்லிக்கிடுங்கன்னு. நம்பி வந்தவனைக் கைவிடுறதுல அவனுக்கு நிகர் அவன்தான்.

சிரிக்காதல கருப்புச் சட்டை, ஒன் கடைக்குத்தான் அடுத்து வாரேன். நீங்க சாத்தானை வீட்டைக் காலி பண்ணச் சொன்னிய, வாஸ்தவம். ஆனா வீட்டைப் பூட்டலையே. ‘சமூக அமைப்பு’, ‘வளர்ப்பு’, ‘ஜீன்’, ‘மூளையில சுரக்கிற ரசாயனம்’னு புதுக் குடித்தனக்காரங்களை வச்சுட்டிய. அதுல எல்லாம் உண்மை இருக்கு, நான் இல்லைங்கல. பட்டினி கிடந்தவன் திருடுனதையும், பவுசுல இருக்கிறவன் திருடுனதையும் ஒரே தராசுல நிறுக்கப்படாது. ஆனா வரப்பை வெட்டுனவன் வந்து ‘என் ஜீன் அப்படி’ன்னா, ‘போன சென்மத்து வினை’ன்னவனுக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்? ஒருத்தன் தான் பொறக்கதுக்கு முன்னால நடந்ததைச் சொல்லுதான், இன்னொருத்தன் தான் பொறக்கும்போதே வந்ததைச் சொல்லுதான்.

ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு ஆளைக் காட்டுதேன். கம்போடியாவுல 1975-லேருந்து 1979 வரைக்கும் கெமர் ரூஜ்காரங்க ஆட்சி. கோயிலை மூடி, பிக்குகளோட காவித் துணியை உருவி, வயல்ல இறக்கி விட்டாங்க. அந்த நாலு வருசத்துக்குள்ள செத்தவங்க 15 லட்சத்துக்கு மேல. அதுல எஸ்-21-னு ஒரு சிறை. உள்ள போன 12,000 பேருக்கு மேல கொல்லப்பட்டாவ. தப்பிப் பிழைச்சவங்க ரொம்பச் சொற்பம். அந்தச் சிறைக்குத் தலைவன் துச்-ங்கிறவன். அதுக்கு முன்னால அவன் கணக்கு வாத்தியாரு. ஆட்சி போன பிறகு, 1990-கள்ல, ஞானஸ்நானம் வாங்கிக் கிறிஸ்தவனாயிட்டான். ஐ.நா. துணையோட நடந்த நீதிமன்றத்துல நின்னு அழுதான், மன்னிப்புக் கேட்டான், மேலிடத்து உத்தரவுப்படிதான் செஞ்சேன்னும் சொன்னான். விசாரணை முடியுற அன்னிக்கு, என்னை விடுதலை பண்ணுங்கன்னு கேட்டு எல்லாரையும் திகைக்க வச்சான். 2010-ல தண்டனை விழுந்துது, 2012-ல அது ஆயுள் தண்டனையாச்சு.

இப்பச் சொல்லுங்க, இந்த ஆளை யாரு பேருல எழுத? சாமி இல்லாத ஆட்சியில கொன்னான், சாமி வந்த பிறகு அழுதான். ‘பாத்தியா, நாத்திகம் இப்படித்தான்’னு பட்டை சொல்லுவான். ‘பாத்தியா, அத்தனையும் செஞ்சவனுக்கும் ஒங்க மதம் பாவமன்னிப்புக் கதவைத் திறந்து வைக்கு’ன்னு சட்டை சொல்லுவான். ரெண்டு பேரும் அவனைப் பந்து மாதிரித் தள்ளி விட்டு விளையாடுவிய. அந்தச் சிறைக்குள்ள போன 12,000 பேரு ஒங்க விளையாட்டுல எந்தப் பக்கமும் இல்ல.

இனிமே நம்ம ஊர்ச் சமாச்சாரத்துக்கு வாரேன். இது திருநெல்வேலியில நடந்த பேச்சு, அதனால நமக்கு உரிமை ஜாஸ்தி.

1934 ஜனவரி 15-ந் தேதி மத்தியானம் ரெண்டேகால் வாக்குல பீகாருலயும் நேபாளத்துலயும் பூமி குலுங்குச்சு. முங்கேர், முசாபர்பூர் பக்கம் கடைத்தெரு கடைத்தெருவா மண்மேடு. வயக்காட்டுல பூமி பிளந்து மணலும் தண்ணியும் பீச்சி அடிச்சு, விளைச்சல் நிலமெல்லாம் மணலாப் போச்சு. பத்தாயிரம் பேருக்கு மேல சாவு. அந்தச் சமயம் காந்தியாரு தீண்டாமையை ஒழிக்கணும்னு ஊரூராச் சுத்திக்கிட்டு நம்ம பக்கம் வந்திருந்தாரு. ஜனவரி 24-ந் தேதி திருநெல்வேலிக் கூட்டத்துல அவரு சொன்னாரு: இந்தப் பூகம்பம் நம்ம பாவத்துக்கு ஆண்டவன் கொடுத்த தண்டனை, தாழ்த்தப்பட்டவங்கன்னு சொல்லி நாம செஞ்ச, செஞ்சுகிட்டிருக்க கொடுமைதான் அந்தப் பாவம்.

கேட்டவுடனே ஒனக்கு என்ன தோணுது பட்டை? நல்ல காரியத்துக்காகத்தான சொன்னாருன்னு தோணுது. எனக்கும் அப்படித்தான் தோணும். அதுலயும் அவரு ‘அவங்க பாவம்’னு சொல்லல, ‘நம்ம பாவம்’னாரு. பழியை அடுத்தவன் மேல போடாம தன் பக்கமே இழுத்துப் போட்டுக்கிட்டாரு. ஆனா தாகூர் விடல. காந்திக்கு மகாத்மாங்கிற பேரைப் பரப்புனதே அந்தத் தாகூர்தான். சாந்திநிகேதன்ல இருந்துகிட்டு, இது விஞ்ஞானத்துக்கு ஒவ்வாத பேச்சு, நம்ம ஜனங்க இதை லேசா நம்பிருவாங்கன்னு எழுதி அனுப்புனாரு. அதோட விட்டாரா? இந்த மாதிரி வாதம் ஒங்களைவிட ஒங்க எதிராளிகளுக்குத்தான் நல்லாப் பொருந்தும். தீண்டாமையை ஒழிக்கிறேன்னு நீங்க கிளம்புனதாலதான் ஆண்டவன் கோவிச்சுக்கிட்டான்னு அவங்க சொன்னாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்னு ஒரு போடு போட்டாரு. நேரு தன் சுயசரிதையில இதே விசயத்தை எடுத்து, சட்டமறுப்புல முன்னால நின்னது வட பீகாருதான், அதனால இது சட்டமறுப்புக்குத் தண்டனைன்னு வெள்ளைக்காரனும் சொல்லலாமேங்கிற மாதிரி எழுதியிருக்காரு.

காந்தியாரு பெரிய மனுசரு. தாகூர் எழுதுனதைத் தன் ‘ஹரிஜன்’ பத்திரிகையிலயே போட்டு, அதுக்குப் பக்கத்துல தன் பதிலையும் போட்டாரு. தன் நம்பிக்கையை விட்டுக் கொடுக்கல. ஆனா மார்ச்ல பீகாருக்கே போய், ராஜேந்திர பிரசாத்தோட சேந்து நிவாரண வேலையில இறங்குனாரு. இந்தக் காலத்து ஆளா இருந்தா எதிர்ப் பேச்சுப் பேசுனவனை முதல் வேலையா பிளாக் பண்ணியிருப்பான்.

இதுல தாகூர் நமக்குக் கொடுத்துட்டுப் போனது ஒரு சோதனை மக்கா. ஒன் விளக்கத்தை ஒன் எதிராளி கையில கொடுத்துப் பாரு. அவனும் அதே விளக்கத்தை வச்சு, அதே தைரியத்தோட, நேர் எதிரான பேச்சைப் பேச முடியும்னா, அது விளக்கமே இல்ல. பூகம்பம் தீண்டாமைக்குத் தண்டனைன்னும் சொல்லலாம், தீண்டாமையை ஒழிக்கப் பாத்ததுக்குத் தண்டனைன்னும் சொல்லலாம். செத்த முங்கேர்ப் பிள்ளைக்கு ரெண்டும் ஒண்ணுதான். அந்தப் பிள்ளை எந்தச் சாதியோ? தண்டனைன்னா, நம்ம ஊருல பாவம் செஞ்சவனை விட்டுட்டு அந்தப் பிள்ளை தலையில ஏன் செங்கல் விழணும்?

இதுக்கும் முந்தின கதை ஒண்ணு உண்டு. 1755 நவம்பர் 1, சகல புனிதர்கள் திருநாள். லிஸ்பன்ல சனங்க பூசைக்கு நிறைஞ்சிருந்த நேரத்துல பூமி குலுங்கி, கோயில் இடிஞ்சு, ஏத்தி வச்ச மெழுகுவத்தியாலயும் அடுப்பாலயும் தீப்பிடிச்சு, பின்னாலயே கடலும் ஏறி வந்துது. எல்லாம் நன்மைக்கேன்னு பேசுன தத்துவக்காரங்களை வால்டேர் அன்னிக்குத்தான் கிழிச்சாரு. அப்ப ரூசோ அவருக்கு ஒரு கடுதாசி போட்டாரு: ஆறு மாடி, ஏழு மாடின்னு இருபதாயிரம் வீட்டை ஒரே இடத்துல நெருக்கிக் கட்டுனது இயற்கை இல்லையேங்கிற தோரணையில. அதுதாம்லே நான் சொல்லுதது. பூமி குலுங்குனது யாரு குத்தமும் இல்ல. குலுங்குன பிறகு யாரு எங்க நின்னாங்கங்கிறது மனுசன் பாத்த வேலை.

ரொம்பத் தூரம் போக வேண்டாம். 2004 டிசம்பர் 26. நாகப்பட்டினம் மாவட்டத்துல மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல சுனாமி கொண்டு போச்சு. வேளாங்கண்ணியில கிறிஸ்துமஸ் முடிஞ்ச மறுநாள் காலையில கும்பிட வந்த சனங்க கடற்கரையில செத்தாவ. அதுக்கு ஆண்டவன்கிட்ட கேள்வி கேளு, நான் தடுக்கல. ஆனா அலை வடிஞ்ச பிறகு, நிவாரண முகாம்ல ‘இவங்க கூட ஒரே கூரைக்குக் கீழ தங்க முடியாது’ன்னு தாழ்த்தப்பட்ட சனங்களை ஒதுக்குன சங்கதியெல்லாம் அன்னிக்கே பத்திரிகையில வந்துது. அதுக்கு எந்தச் சாமிகிட்ட மனு எழுதப் போற?

சரி, மதம் படிச்சா மனுசன் திருந்திருவானா? என் பேத்தி ஒரு ஆராய்ச்சியை வாசிச்சுச் சொன்னா. 1973-ல வந்தது. அமெரிக்காவுல பிரின்ஸ்டன்ல சாமியாருக்குப் படிக்கிற 40 பிள்ளைகளை டார்லி, பாட்சன்னு ரெண்டு பேரு சோதிச்சிருக்காங்க. அடுத்த கட்டடத்துக்குப் போய் ஒரு பேச்சுப் பேசணும்னு சொல்லி அனுப்புறது. பாதிப் பேருக்குத் தலைப்பு, வழியில அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கி விட்ட நல்ல சமாரியன் கதை. போற வழியில ஒருத்தன் குனிஞ்சு இருமிக்கிட்டுக் கிடக்கான். அவனும் ஏற்பாடு பண்ணி வச்ச ஆளுதான். யாரு நின்னு உதவுனாங்க? நேரம் நிறைய இருக்குன்னு நினைச்சவங்கள்ல 63 சதவீதம். நேரமாச்சு, சீக்கிரம் ஓடுன்னு விரட்டப்பட்டவங்கள்ல 10 சதவீதம். சமாரியன் கதையைப் பேசப் போனவன், பேசாதவன்னு பெரிய வித்தியாசம் இல்ல. சமாரியனைப் பத்திப் பிரசங்கம் பண்ண ஓடுற அவசரத்துல கிடந்தவனைத் தாண்டிக் குதிச்சுப் போனவனும் உண்டாம். கருப்புச் சட்டை, துள்ளாத. பகுத்தறிவுக் கூட்டத்துக்கு நேரமாச்சுன்னு ஓடுதவனும் அப்படித்தான் தாண்டுவான். அவசரத்துக்குக் கொள்கை கிடையாது.

நம்ம தெக்கத்திச் சனம் இந்த விவகாரத்துக்கு வேற ஒரு வழி வச்சிருந்துது. ‘ஏன் அக்கிரமம்?’னு கேக்கல. அநியாயமாச் செத்தவனைச் சாமியாக்கிருச்சு. முத்துப்பட்டன் கதையை நா. வானமாமலை தேடிப் பிடிச்சு அச்சுல ஏத்துனாரு. பிராமணன், சக்கிலியர் வீட்டுப் பிள்ளைக பொம்மக்கா, திம்மக்காவைக் கட்டி, மாட்டைத் திருட வந்தவங்க கையால செத்தான். பாபநாசம் மலையில சொரிமுத்து அய்யனார் கோயில்ல பட்டவராயன்னு சாமியா நிக்குத அவனுக்கு இன்னிக்கும் செருப்பைக் காணிக்கையாக் கட்டுதாவ. தோலைத் தொட்டாத் தீட்டுங்கிற நாட்டுல, சாமிக்கே செருப்பு! இன்னும் எத்தனையோ பீடம் இருக்கு, பெத்த அப்பனும் கூடப் பொறந்தவனும் கௌரவத்துக்குப் பயந்து கொன்ன பிள்ளைகளுக்கு. கொன்ன வம்சமே வருசா வருசம் பொங்கலு வச்சு, சேலை சாத்தி, கும்பிட்டு விழுது. மறக்க விடாது அந்தச் சாமி. அதுல ஒரு நியாயம் இருக்கு பாத்துக்கோ. வினைன்னும் விதின்னும் சொல்லிக் கணக்கை மூட முடியாது. கோயில் கொடைக்குக் கொடை தெறந்து பாத்தாகணும்.

ஆனா அதையும் நான் ரொம்பப் புகழ மாட்டேன். செத்த பிறகு சேலை சாத்துத கை, உசுரோட இருந்தப்ப எங்க போச்சு? பழைய பிள்ளைக்குப் பொங்கலு வச்சுட்டு வந்த வீட்டுலயே, வேற சாதிப் பையனைப் பாத்துட்டான்னு புதுப் பிள்ளைக்கு விசத்தைக் கலக்கான். பீடம் கூடிக்கிட்டே போறது பக்திக்கு அடையாளம் இல்லல, கொலைக்குக் கணக்கு.

அதனால தரகன் சொல்லுத முடிவு இதுதான். தப்பு செய்யத் தோதா இல்லாத மதம்னு ஒண்ணும் இல்ல; நாத்திகமும் சேத்துத்தான். எந்தக் கடையிலயும் சரக்கு நல்ல சரக்குதான், அடுத்தவன் மேல போத்தி விடாம தன் மேல போட்டுக்கிடுதவனுக்கு. ‘என் வினை’ன்னு சொல்லுதவனை நம்பு, ‘ஒன் வினை’ன்னு சொல்லுதவன்கிட்டேருந்து பையைப் பத்திரமா வச்சுக்கோ. ‘என் சாதிக்காரன் நடத்துத அமைப்பு’ன்னு சொல்லுத நாத்திகன் கிடைச்சா அவனையும் நம்பு. பட்டை, ஒனக்கு அளவுகோல் வேணும்ன. வரப்பை இழந்தவன்கிட்டப் போய்க் கேளு. அவன் வேதமும் பாக்காம, டார்வினையும் பாக்காம, ‘ஒரு சாண்’னு பளிச்சுன்னு சொல்லுவான்.

கடைசியா ஒரு சின்ன வேலை. பஸ் நிறுத்தத்து டீக்கடையில நம்ம மூணு பேருக்கும் கண்ணாடிக் கிளாஸ்ல டீ வருது. கீழத்தெருக்காரரு வந்தா மட்டும் பேப்பர் கப்பு. ‘சுத்தத்துக்காக’ங்கான் கடைக்காரன். நல்ல விளக்கம்லா? தாகூர் சோதனையைப் போட்டுப் பாருங்க: சுத்தம்னா நமக்கும் ஏன் பேப்பர் கப்பு இல்ல? இந்தக் கேள்வியைக் கேக்கச் சாமி இருக்கணும்னும் இல்ல, இல்லாம இருக்கணும்னும் இல்ல. நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் சோடியாப் போய்க் கேட்டுட்டு வாங்க, நானும் பின்னால நிக்கேன். பதில் வந்த பிறகு கடவுள் ஏன் சும்மா இருக்காருன்னு சாவகாசமாப் பேசுவோம். டீக்காசு யாரு கொடுக்கதுங்கிறதை மட்டும் இப்பவே முடிவு பண்ணிக்கிடுங்க. அதைக் கொண்டாந்து என் தலைவிதியில எழுதிப்பிடாதீய.